ரப்பர் விளையில் கட்டிவிட்டுப் போன நாய்: சட்டப்படி என்ன செய்யலாம்?

மேல்புறம் வாசி | 24 நவம்பர், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டை அடுத்த ரப்பர் விளைக்குள் ஒரு வீடு இருக்கிறது. வீட்டுக்காரர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். இங்கே அவருடைய தாயார் மட்டும் தனியாக இருந்தார். ஓணம் கழிந்த கையோடு மகள் வந்து அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது. காவலுக்கென்று வளர்த்த செவலை நிறப் பெட்டை நாயைப் பின்புறத்து ரப்பர் மரத்தில் சங்கிலியால் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பால்வெட்ட வருகிறவர் அதற்குச் சோறு வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காக மாதந்தோறும் ஒரு தொகையும் கொடுக்கிறார்களாம்.

கேட்பதற்கு ஏற்பாடு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது என்பதை ஷார்ஜாவில் இருப்பவர் மறந்துவிட்டார் போலும். ஐப்பசி முழுவதும் இங்கே மழை. வெட்டுக்காரர் வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே அதிகம். அவர் வராத நாளெல்லாம் அந்த நாய்க்குப் பட்டினி.

நேற்று குரைப்புச் சத்தமே கேட்கவில்லை என்பதால் சந்தேகப்பட்டு, வேலியைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். சங்கிலி மரத்தைச் சுற்றிச் சுற்றி முறுகி, நாய்க்கு மிஞ்சியிருப்பது இரண்டடிதான். அந்த வட்டத்துக்குள் ஒரு புல்கூட இல்லை. சேறும் அதன் கழிவும்தான். தண்ணீருக்கு வைத்திருப்பது ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டை. அதில் மழைத்தண்ணீரும், ஒட்டுப்பாலின் நூல்களும், கொசுப்புழுவும் கிடந்தன. கழுத்துப்பட்டையைக் குட்டியாக இருந்தபோது மாட்டியிருக்க வேண்டும். நாய் வளர்ந்த பிறகு யாரும் அதைத் தளர்த்தவில்லை. ஒரு பக்கத்தில் பட்டை தோலுக்குள் புதைந்து, மேலே சதை மூடிவிட்டது. பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம்.

நான் அவிழ்த்துவிடலாமா? அவிழ்த்தால் திருட்டு என்று யாராவது புகார் கொடுப்பார்களா? காவல் நிலையத்துக்குப் போனால் ஏற்பார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

காப்பகத் தொண்டர், நாகர்கோவில் | 24 நவம்பர், இரவு 9.40

ஐயா, முதலில் தண்ணீர் கொடுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்வோம். ஒரே நேரத்தில் வயிறு முட்டக் கொடுக்காமல், அரை மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக வையுங்கள். பல நாள் பட்டினி கிடந்த உடம்பு திடீரென்று நிறையத் தின்றால் அதுவே ஆபத்தாக முடியும். நன்றாகக் குழைத்த சோற்றில் வேகவைத்த சாளை மீனை முள் நீக்கிப் பிசைந்து, கைப்பிடி அளவு வையுங்கள். பால் வேண்டாம்.

பட்டையை இழுத்துப் பார்க்க வேண்டாம். சங்கிலியைத் தொடுவதற்கு முன்னால் மரம், சங்கிலி, சிரட்டை, கழுத்து ஆகிய நான்கும் தெரியும்படி புகைப்படமும், நாய் நடக்க முயல்வது தெரியும்படி ஒரு சிறிய வீடியோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக் காலையில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள். அது கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியின் எண். விளைக்குள் வண்டி வர வழியில்லை என்றால் சாலை வரைக்கும் கொண்டுவர ஆள் வேண்டியிருக்கும். எங்கள் விலங்குக் காப்பகத்து ஆட்கள் இருவர் மார்த்தாண்டம் வரைக்கும் வர முடியும்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர், பத்மநாபபுரம் | 24 நவம்பர், இரவு 10.25

சட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞர் அல்லன். ஆனால் முப்பது ஆண்டுகள் வழக்குக் கட்டுகளைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1960 ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தில் 11 ஆம் பிரிவைப் பாருங்கள். வதை என்றால் அடிப்பதும் உதைப்பதும் மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அளவுக்கு மீறிய நேரம் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டி வைப்பது, எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பது, போதுமான உணவும் நீரும் இடமும் தராமல் இருப்பது, பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் கைவிட்டுப் போவது ஆகிய நான்கையும் அந்தப் பிரிவு அடுத்தடுத்த உட்பிரிவுகளில் குற்றமாகச் சொல்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் நாய்க்கு நான்கும் பொருந்துகின்றன.

இனித்தான் வருத்தமான பகுதி. முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன்னால் எழுதிய தொகை அப்படியே நிற்கிறது. இன்றைக்கு ஐம்பது ரூபாய்க்கு என்ன மதிப்பு இருக்கிறது? மூன்று ஆண்டுகளுக்குள் மறுபடியும் செய்தால்தான் மூன்று மாதம் வரை சிறை என்ற பேச்சே வருகிறது. மேலும் இந்த உட்பிரிவுகளின்கீழ் வரும் குற்றங்கள் காவல்துறை தானாகவே வழக்குப் பதிந்து கைது செய்யக்கூடியவை அல்ல. நீதித்துறை நடுவரின் அனுமதி வேண்டும். எனவே நிலைய எழுத்தர் 'இது எங்கள் வேலை இல்லை' என்று கையை விரித்தால், சட்டம் அவருக்கு அப்படிச் சொல்ல ஓரளவு இடம் கொடுத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பொறுமையாகப் பேசுங்கள். மனுவைக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். இந்தச் சட்டத்தின்கீழ் குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும் என்ற வரம்பும் உண்டு. ஓணத்திலிருந்து கணக்குப் பார்த்தால் உங்களுக்கு அதிக நாள் இல்லை.

விஷம் வைத்துக் கொல்வது, உறுப்பை முடமாக்குவது போன்றவை வேறு கணக்கு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 428, 429 என்று இருந்தவை 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சம்ஹிதாவில் 325 ஆம் பிரிவாகியிருக்கின்றன. அதில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. பழைய சட்டம் விலங்கின் விலை பத்து ரூபாயா ஐம்பது ரூபாயா என்று பார்த்துத் தண்டனையைப் பிரித்தது. புதியதில் அந்த விலைக் கணக்கு இல்லை. தெருநாய்க்கு என்ன விலை என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டு, நீதிமன்றமே சிரித்த நாள்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

அவிழ்ப்பது பற்றி: நாய் சட்டப்படி உடைமை. உடைமைக்காரர் சம்மதமில்லாமல் கொண்டுபோய் வைத்துக்கொண்டால் வீண் வழக்கு வரலாம். சிகிச்சைக்காக எடுத்துச் செல்வதை வீட்டுக்காரருக்கு முன்கூட்டியே செய்தி அனுப்பித் தெரிவித்துவிடுங்கள். 'நாயை ஒப்படைத்துவிட்டேன், இனி உரிமை கோர மாட்டேன்' என்று அவரிடமிருந்து எழுத்தில் வாங்குவது எல்லாவற்றையும்விட நல்லது. வாட்ஸாப் செய்தியாக இருந்தாலும் போதும். குரல் பதிவை மட்டும் நம்ப வேண்டாம்.

கால்நடை மருத்துவர், தோவாளை வட்டம் | 25 நவம்பர், காலை 6.50

அந்த நாற்றம் புழு வைத்த புண்ணின் நாற்றமாக இருக்கும். மழைக்காலத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழுவாகிவிடும். தயவுசெய்து யாரும் பெட்ரோல், மண்ணெண்ணெய், ஃபினாயில் எதையும் ஊற்ற வேண்டாம். புழு சாகிறது என்று பார்க்கிறீர்கள். கூடவே நல்ல சதையும் வெந்துபோகிறது, நாய் நக்கினால் குடலுக்குள்ளும் போகிறது. பட்டையை மயக்க மருந்து கொடுத்துத்தான் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு சுத்தமான துணியை லேசாகப் போர்த்தி, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொண்டு கொண்டுவாருங்கள். வலியில் இருக்கும் நாய் தெரிந்தவரையும் கடிக்கும் என்பதால், ஒரு நீளமான துணியால் வாயைத் தளர்வாகக் கட்டுங்கள். மூச்சு வாங்கினால் உடனே அவிழ்த்துவிடுங்கள்.

ஆண்டுக்கு நாலைந்து முறையாவது இப்படிப்பட்ட கழுத்தை நான் பார்க்கிறேன். அடித்துக் கொடுமைப்படுத்திய நாய் என்று என்னிடம் வருவது அபூர்வம். மறந்துபோன நாய்தான் அதிகம்.

இரணியல்காரர் | 25 நவம்பர், காலை 8.15

நீங்கள் எல்லோரும் ஒரு நாய்க்காக உருகுகிறீர்கள். தவறில்லை. ஆனால் என் பேரன் இந்த மாதம் முதல் வாரத்தில் டியூஷன் முடிந்து வரும்போது மூன்று நாய்கள் விரட்டி, கெண்டைக்காலைக் கவ்வின. நாலு ஊசியில் மூன்றுக்கு மூன்று நாள் அரசு மருத்துவமனைக்கு அலைந்தோம். பிள்ளை இன்றைக்கும் தனியாக வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறான். அந்த நாய்களுக்குச் சோறு போடுகிற அம்மையாரைக் கேட்டால் சட்டம் பேசுகிறார். உச்ச நீதிமன்றமே எல்லா நாயையும் பிடித்து அடைக்கச் சொன்னதே, அது என்ன ஆயிற்று? காப்பகம் கட்டி எல்லாவற்றையும் உள்ளே போடுங்கள். அதற்குப் பிறகு தத்து, கருணை எல்லாம் பேசலாம்.

ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர், பத்மநாபபுரம் | 25 நவம்பர், காலை 10.05

பேரனுக்கு நடந்தது கொடுமைதான், அண்ணாச்சி. அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை.

நீங்கள் சொல்லும் உத்தரவு 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டாரத்துக்காகப் போடப்பட்டது. பதினொரு நாளில், ஆகஸ்ட் 22 அன்று, மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, குடற்புழு நீக்கி, தடுப்பூசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் விடக்கூடாது. தெருவில் கண்ட இடத்தில் சோறு போடாமல் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் போட வேண்டும் என்று சொல்லி, விஷயத்தை எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது. ஆகவே அந்த அம்மையார் கண்ட இடத்தில் போடுவதும் சரியில்லை, நீங்கள் எல்லாவற்றையும் அடைக்கச் சொல்வதும் உத்தரவில் இல்லை. பிறகு நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை மட்டும் அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று சொல்லியிருக்கிறது.

ஆகஸ்ட் உத்தரவில் பலர் கவனிக்காத ஒரு பத்தி உண்டு. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். எடுத்த நாய் மறுபடியும் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பு. இந்த இழையின் விஷயம் முழுவதும் அந்தக் கடைசி வரியில்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை, சுங்கான்கடை | 25 நவம்பர், மாலை 5.30

இரணியல் அண்ணாச்சி கேட்டதற்கு இன்னொரு பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். உங்கள் பேரனைக் கடித்த அந்த மூன்றும் எங்கிருந்து வந்தன என்று நினைக்கிறீர்கள்?

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குளக்கரை உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை, ஏறக்குறைய ஒரே பருவத்தில், அங்கே ஒரு சாக்கு கிடக்கும். வாய் கட்டியிருக்கும். உள்ளே கண் திறந்தும் திறக்காமலும் நாலைந்து குட்டிகள். அத்தனையும் பெட்டையாக இருக்கும். கடுவன் குட்டிகளை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பெட்டை என்றால் 'ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெருவே வந்து வாசலில் நிற்கும்' என்று ஒருவரும் எடுப்பதில்லை. கொல்லவும் மனம் வராமல், வளர்க்கவும் மனம் வராமல், சாக்கில் கட்டிக் குளக்கரையில் வைத்துவிட்டு, யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போகிறார்கள். பிள்ளைகள் சாக்கைத் தூக்கிக்கொண்டு என் வகுப்புக்கு வருவார்கள். சாக்கின் அடியில் கிடப்பது எப்போதும் இறந்திருக்கும். அதைத் தனியாக எடுத்து, பிள்ளைகள் பார்க்காமல் புதைப்பது என் வேலை.

பிழைத்தவை சந்தைக்கும் இறைச்சிக் கடைக்கும் போகின்றன. ஓராண்டில் அவையே தாயாகின்றன. சினைக்காலம் அறுபத்து மூன்று நாள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குச் சாக்கில் கட்டிய வீட்டுக்காரர் ஒரு பெட்டைக்கு அறுவை செய்திருந்தால் உங்கள் தெருவில் அந்தக் கூட்டம் இருந்திருக்காது. நாய்க்கு இழைத்த கொடுமையும் உங்கள் பேரன் பட்ட கடியும் ஒரே சாக்கிலிருந்துதான் வந்தன என்று நான் நினைக்கிறேன்.

என் வீட்டில் இப்போது இருப்பது அப்படி ஒரு சாக்கில் வந்ததுதான். ஒன்பது வயதாகிறது. பாகற்காய்த் தோட்டத்துக்குக் காவல். ஆனால் பாகற்காயைத் திருட வருகிறவர் யார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

எஸ்டேட் மேற்பார்வையாளர், குலசேகரம் பக்கம் | 25 நவம்பர், இரவு 8.55

தத்தெடுக்கச் சொல்வது எளிது. நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு காப்பகத்துக்குப் போனேன். எந்தக் காப்பகம் என்று சொல்ல விரும்பவில்லை. தோட்டத்து ஷெட்டுக்கு ஒரு நாய் வேண்டும் என்றேன். ஆதார் நகல், வாடகை வீடா சொந்த வீடா, இரவில் நாய் எங்கே படுக்கும், வீட்டில் உள்ள எல்லோருக்கும் சம்மதமா, வீட்டை நேரில் வந்து பார்ப்போம் என்று பெண் பார்க்க வந்தவர்களைப்போல விசாரித்தார்கள். கடைசியில் 'ஷெட்டில் கட்டிப்போடுவதற்குக் கொடுக்க மாட்டோம்' என்று அனுப்பிவிட்டார்கள். மறுவாரமே பதினைந்தாயிரம் கொடுத்து வெளிநாட்டு இனக் குட்டி ஒன்றை வாங்கினேன். விற்றவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இலவசமாகக் கொடுக்கிற இடத்தில் இத்தனை கெடுபிடி இருந்தால் யார் வருவார்கள்?

காப்பகத் தொண்டர், நாகர்கோவில் | 25 நவம்பர், இரவு 10.40

அண்ணன், அந்தக் காப்பகம் எங்களுடையதாகவே இருக்கலாம், மறுக்கவில்லை. கேட்ட தோரணையில் குறை இருந்திருந்தால் மன்னியுங்கள். காலையிலிருந்து கூண்டு கழுவிவிட்டு மேசைக்கு வருகிறவர்கள் எல்லோரும் இனிமையாகப் பேசுவதில்லை.

கேள்விகளை மட்டும் விட முடியாது. நாங்கள் தொடங்கிய புதிதில் யார் கேட்டாலும் கொடுத்தோம். அப்படிக் கொடுத்த குட்டிகளில் சிலவற்றை ஆறு மாதம் கழித்து மறுபடியும் சாலையிலிருந்துதான் எடுத்தோம். ஒன்றின் கழுத்தில் நாங்கள் கட்டிய நீலப் பட்டையே இருந்தது. அதற்குப் பிறகுதான் படிவம் வந்தது. இந்த மாவட்டத்துக்கென்றே நாங்கள் சேர்த்த கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் வெளிநாடு போனால் நாய் யார் பொறுப்பு? அதற்கு ஒருவர் பெயர் எழுதி, அவரே கையெழுத்துப் போட வேண்டும். ஏனென்றால் எங்களிடம் வந்து சேர்கிற வளர்ப்பு நாய்களில் பெரும்பாலானவை விசா வந்த வாரத்தில்தான் வருகின்றன. சில வீடுகளில் நேரில் கொண்டுவந்து ஒப்படைத்துக் கண் கலங்குகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு சிலர் இரவில் காப்பகத்தின் வாசல் கம்பியில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

காப்பகத்தில் எல்லாவற்றையும் அடைக்கச் சொன்ன இரணியல் ஐயாவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். காப்பகம் என்பது நாய் வாழ்கிற இடம் ஆகிவிடக்கூடாது. நாற்பதுக்குக் கட்டிய இடத்தில் எழுபது நின்றால், பலமுள்ளது தின்னும், பலமில்லாதது மூலையில் நடுங்கும். ஒரு குட்டிக்குப் பார்வோ என்ற தொற்றுநோய் கண்டால் ஒரு வாரத்துக்குள் வரிசையாகப் போய்விடும். அந்தக் கிருமி தரையிலும் மண்ணிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும் என்பதால், கழுவிவிட்டோம் என்று சொல்லி அடுத்த குட்டியை அதே கூண்டில் விடவும் முடியாது. வெளியே போகிற வழி திறந்திருந்தால்தான் உள்ளே வருகிற உயிருக்கு இடம் கிடைக்கும். தத்தெடுக்க வருகிறவர்கள் பத்தில் ஒன்பது பேர் இரண்டு மாதக் கடுவன் குட்டியைத்தான் கேட்கிறார்கள். நான்கு வயதுப் பெட்டையைக் கேட்டு ஒருவர் வந்தால் அன்றைக்கு எங்களுக்குத் திருவிழா.

வளர்ந்த நாயை எடுப்பதில் ஒரு லாபம் உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. குட்டி நாளைக்கு எப்படி வளரும் என்று எவருக்கும் தெரியாது. வளர்ந்ததன் குணம் எங்களுக்குத் தெரியும்: கோழியை விரட்டுமா, பிள்ளைகளிடம் எப்படி, இடிச் சத்தத்துக்கு ஓடுமா, எல்லாம் சொல்லிவிடுவோம். கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் முடிந்திருக்கும். செருப்பைக் கடிக்கிற வயதும் போயிருக்கும்.

கால்நடை மருத்துவர், தோவாளை வட்டம் | 26 நவம்பர், காலை 7.10

எஸ்டேட் நண்பருக்கு ஒரு குறிப்பு. விற்றவர் கேள்வி கேட்கவில்லை என்பது அவருக்குப் பெருமை சேர்க்காது. 2017 ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி, குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது. நம் பக்கத்தில் முப்பது நாள் குட்டியைப் பழக்கூடையில் வைத்து விற்கிறார்கள். தாய்ப்பாலும் தடுப்பூசியும் இல்லாமல் வந்த அந்தக் குட்டி பதினைந்து நாளில் இரத்தக் கழிச்சலோடு என் மேசைக்கு வருகிறது. பணம் கொடுத்தவர் அழுகிறார். விற்றவர் தொலைபேசியை எடுப்பதில்லை.

அடர்ந்த ரோமம் கொண்ட பனிநாட்டு இனங்களை நாகர்கோவில் வெயிலில் மொட்டை மாடிக் கூண்டில் வளர்ப்பதையும் வதைக் கணக்கில்தான் நான் சேர்ப்பேன். நம் நாட்டு நாய்க்குக் குட்டை ரோமம், மெல்லிய உடல், எதையும் செரிக்கிற வயிறு; இந்த மண்ணுக்குப் பொருந்தியது. தோல் நோய்க்காக மாதாமாதம் என்னிடம் வர வேண்டியதில்லை. என் வருமானத்துக்கு எதிராகத்தான் சொல்கிறேன்.

இரணியல் ஐயா, கடிபட்டவுடன் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவினீர்களா? ஊசியைப்போலவே அதுவும் முக்கியம். 0, 3, 7, 28 என்ற நாள்களில் கடைசி ஊசியை 'காயம் ஆறிவிட்டதே' என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு, விட்டுவிடாதீர்கள். நோய்க்குறி தெரிந்த பிறகு வெறிநோய்க்கு மருந்து கிடையாது.

முட்டம் கடலோரம் | 26 நவம்பர், பிற்பகல் 2.20

பூனைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே என்பதால் எழுதுகிறேன். மீன் இறங்குதளத்தில் கிடைக்கும் என்று சொல்லி, எங்கெங்கோ இருந்து குட்டிகளைக் கொண்டுவந்து கடற்கரையில் விட்டுவிட்டுப் போகிறார்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது அவற்றுக்கு என்ன கிடைக்கும் என்று அவர்கள் யோசிப்பதில்லை. ரப்பர் விளை நாய்க்கு மழை என்றால் எங்கள் பூனைக்குத் தடைக்காலம். இவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

மேல்புறம் வாசி | 26 நவம்பர், இரவு 9.30

நேற்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அதிகாலையிலேயே ஷார்ஜாவுக்கு அழைத்தேன். முதலில் அவர் கோபப்பட்டார். 'மாதாமாதம் காசு அனுப்புகிறேனே' என்றார். புகைப்படத்தை அனுப்பிய பிறகு வெகுநேரம் பதில் இல்லை. பிறகு, எழுத்தர் ஐயா சொன்ன அதே வாசகத்தை எழுதி அனுப்பிவிட்டார். கூடவே, 'அம்மாவிடம் சொல்ல வேண்டாம், அவர்கள்தான் அதை வளர்த்தது' என்றும் எழுதியிருந்தார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் பாதி போய்விட்டது. காவல் நிலையத்துக்கு மனு எழுதி வைத்திருந்தேன், கொடுக்கவில்லை. இது சரியா தவறா என்று நீங்கள் சொல்லுங்கள்.

காப்பகத்து ஆட்கள் இருவரும் வந்தார்கள். சங்கிலியைக் கத்தரித்த பிறகும் நாய் நகரவில்லை. எழுந்து, பழக்கப்பட்ட அந்த இரண்டடி வட்டத்தின் விளிம்பு வரைக்கும் வந்து, சங்கிலி இழுக்கும் இடத்தில் தானாகவே நின்று, திரும்பி மரத்தடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்று முறை அப்படியே செய்தது. கடைசியில் தூக்கிக்கொண்டுதான் சாலைக்கு வந்தோம். வெட்டுக்காரரும் கூட வந்து ஒரு கை பிடித்தார். அவருக்கும் குற்றவுணர்வு இருந்தது. மழை நாளில் அவருக்கே கூலி இல்லை என்பதையும் நான் எழுத வேண்டும்.

பட்டையை மயக்க மருந்து கொடுத்து எடுத்துவிட்டார்கள். கழுத்தைச் சுற்றித் தையல். இரத்தம் குறைவாக இருக்கிறதாம். உடம்பு தேறி, எடை ஏறிய பிறகுதான் கருத்தடை செய்ய முடியும் என்று மருத்துவர் சொன்னார். அதுவரைக்கும் காப்பகத்தில் தனிக்கூண்டு.

ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர், பத்மநாபபுரம் | 26 நவம்பர், இரவு 10.15

மனு கொடுக்காததைத் தவறு என்று சொல்ல மாட்டேன், சரி என்றும் சொல்ல மாட்டேன். ஐம்பது ரூபாய் அபராதத்தைவிட அந்த எழுத்து இந்த நாய்க்கு அதிகப் பயன். ஆனால் அதே ஆள் நாளை இன்னொரு குட்டியை வாங்கிக் கட்டினால் அப்போது யோசிக்க வேண்டாம். புகைப்படங்களை அழித்துவிடாதீர்கள்.

இந்தச் சட்டம் வந்த கதையும் இப்படித்தான். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். அரசே கொண்டுவரும் என்று நேரு வாக்குறுதி தந்த பிறகு அதைத் திரும்பப் பெற்றார். 1960 இல் சட்டமானது. 1962 இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அலுவலகமும் பல ஆண்டுகள் சென்னையில்தான் இருந்தது. அந்த அம்மையார் ஐம்பது ரூபாயோடு நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார்.

இரணியல்காரர் | 27 நவம்பர், காலை 9.00

டாக்டர், கழுவினோம், பதினைந்து நிமிடமா என்று தெரியாது. 28 ஆம் நாள் ஊசி அடுத்த வாரம் இருக்கிறது, தவறாமல் போடுவோம்.

என் வீட்டில் நாய் வளர்க்கப் போவதில்லை. அதை யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்த பிறகு தெருவில் நின்று பார்த்தேன். கடித்த மூன்றுக்கும் காதில் வெட்டு அடையாளம் இல்லை. அப்படியென்றால் கருத்தடை ஆகவில்லை என்றுதானே அர்த்தம்? பேரூராட்சியில் யாரிடம், எப்படி எழுதிக் கொடுக்க வேண்டும்?

காப்பகத் தொண்டர், நாகர்கோவில் | 27 நவம்பர், காலை 9.25

ஆமாம் ஐயா, அறுவை முடிந்த நாய்க்குக் காதின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருக்கும். 2023 ஆம் ஆண்டு விலங்கு கருத்தடை விதிகளின்படி இது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. செயல் அலுவலருக்கு எழுதுங்கள்: எந்தத் தெரு, எத்தனை நாய், எது பெட்டை, எந்த நேரத்தில் எங்கே கூடுகின்றன, கடி நடந்த தேதி, மருத்துவமனைச் சீட்டின் நகல். 'நாய்களை அப்புறப்படுத்துக' என்று எழுதாமல் 'கருத்தடையும் தடுப்பூசியும் செய்து தருக' என்று எழுதினால் அவர்களால் மறுக்க முடியாது. சோறு போடும் அம்மையாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த மூன்றும் அவர் கைக்கு மட்டும்தான் வரும்; பிடிக்கும் நாளில் அவர் இல்லாமல் முடியாது.

மேல்புறம் வாசி | 19 டிசம்பர், இரவு 8.45

தாமதத்துக்கு மன்னிக்கவும். தையல் பிரித்தாயிற்று. கழுத்தைச் சுற்றி ரோமம் முளைக்காத ஒரு வளையம் இருக்கிறது. அது அப்படியேதான் இருக்கும் என்கிறார்கள். நேற்று கருத்தடை முடிந்தது.

நான்கு வயதுப் பெட்டையைக் கேட்டு ஒருவரும் வரப்போவதில்லை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டதால், படிவத்தை நானே வாங்கிவந்தேன். வீட்டில் அம்மாவுக்கு முழுச் சம்மதம் இல்லை. வராந்தா வரைக்கும்தான் என்று எல்லை போட்டிருக்கிறார். காப்பகத்துப் பெண் வந்து வேலியைச் சுற்றிப் பார்த்து, மேற்கு மூலையில் ஓட்டை இருப்பதைக் காட்டினார். அடைத்துவிட்டேன். கட்டுவதற்குச் சங்கிலி எதுவும் வாங்கவில்லை.

எனக்கும் கத்தார் விசாவுக்கு ஒரு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதினேன். ஆகவே 'வெளிநாடு சென்றால் யார் பொறுப்பு' என்ற இடத்தில் என் தங்கையின் கையெழுத்து தேவைப்பட்டது. அவள் படிவத்தை மேலிருந்து கீழ்வரை இரண்டு முறை படித்துவிட்டு, 'அண்ணா, இது நாய்க்கா, சொத்துக்கா?' என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே கையெழுத்தும் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அழைத்துவரப் போகிறோம்.